ஏற்காட்டிலிருந்து ஒரு கேள்வி: ஒரே நாளில் பல்லுக்குக் கேப் போடலாமா?

நாகலூர்ப் பக்கம் காப்பித் தோட்டத்தில் வேலை பார்க்கும் வாசகர் ஒருவர் கேட்கிறார்: “கீழ்க் கடைவாய்ப் பல்லுக்கு ரூட் கேனால் முடிந்துவிட்டது. கேப் போட இன்னும் இரண்டு மூன்று தடவை சேலத்துக்கு இறங்கி வரச் சொல்கிறார் டாக்டர். வேறொரு கிளினிக்கில் கம்ப்யூட்டர் மூலம் ஒரே நாளில் போடலாம், காசு கூட ஆகும் என்கிறார்கள். அது நிலைக்குமா? பறிப்பு நேரத்தில் ஒவ்வொரு தடவையும் ஒரு நாள் கூலி போகிறது.”

நிலைக்கும், உங்கள் பல் அதற்குத் தோதாக இருந்தால். இது நேற்று வந்த முறை இல்லை. சூரிக் பல்கலைக்கழகத்தில் 1985-லேயே, நோயாளி நாற்காலியில் இருக்கும்போதே பல்குழிக்குப் பீங்கான் அடைப்பைச் செதுக்கிப் பொருத்தியிருக்கிறார்கள். முழுக் கேப் அதற்கு அப்புறம் வந்தது.

பல்லைச் சுற்றிலும் செதுக்கிய பிறகு, மாவை வாயில் அப்பி அளவு எடுப்பதற்குப் பதிலாகப் பேனா போன்ற கேமராவால் படம் எடுப்பார்கள். திரையில் கேப்பை வடிவமைத்ததும், மெஷின் ஒரு சிறு பீங்கான் கட்டியிலிருந்து அதைக் கடைந்தெடுக்கும். அதிகம் பயன்படும் ஒரு வகைப் பீங்கான் அப்போது ஊதா நிறமாக இருக்கும், பயந்துவிடாதீர்கள். 800 டிகிரிக்கு மேல் சூளையில் வைத்தபின்தான் அதற்குப் பல்லின் நிறமும் முழு உறுதியும் வரும். எல்லாம் சேர்த்துப் பாதி நாள் ஒதுக்குங்கள்.

முதலில் ஒன்றைக் கேட்டுவிடுங்கள்: “கேப்பைக் கடையும் மெஷின் இங்கேயே இருக்கிறதா?” ‘டிஜிட்டல்’ என்றாலே ஒரே நாள் என்று அர்த்தம் இல்லை. கேமராவில் அளவெடுத்து வெளியூர் லேபுக்கு அனுப்பும் இடங்களும் உண்டு. அதில் தவறில்லை, ஆனால் நீங்கள் இரண்டாவது தடவை இறங்கி வர வேண்டியிருக்கும்.

அடுத்து, உங்கள் பல். ஈறுக்கு மேலே சுற்றிலும் சுமார் 2 மில்லிமீட்டராவது சொந்தப் பல் நின்றால்தான் எந்தக் கேப்பும் பிடித்து நிற்கும். சொத்தை ஈறுக்குக் கீழே இறங்கியிருந்தால் இன்னும் கவனம் வேண்டும். வெளிச்சம் படுகிற இடத்தைத்தான் கேமரா பார்க்கும். ரத்தமோ எச்சிலோ மூடியிருந்தால் விளிம்பு சரியாகப் பதியாது; கேப்புக்கும் பல்லுக்கும் நடுவே இடைவெளி விழும். அந்த இடைவெளியில் உணவு தங்கி மறுபடி சொத்தை வரும். “ஈறு ஆறட்டும், அப்புறம் அளவு எடுக்கலாம்” என்று டாக்டர் சொன்னால், அந்த ஒரு நாள் கூலியை விட்டுக்கொடுங்கள். பல் அதைவிடப் பெரிது.

ராத்திரி பல்லைக் கடிக்கும் பழக்கம் இருந்தால் அதையும் சொல்லுங்கள். சிர்கோனியா என்ற மிக உறுதியான பீங்கான் வகை பொருத்தமாக இருக்கலாம். அதைப் பெரிதாகக் கடைந்து, ஏறக்குறைய 1500 டிகிரியில் சுட்டு, அளவுக்குச் சுருங்க வைப்பார்கள். சாதாரணச் சூளையில் இதற்குப் பல மணி நேரம் ஆகும்; சீக்கிரம் சுடும் சூளை இருந்தால்தான் அன்றைக்கே கிடைக்கும்.

பல் சரியாக இருந்தால், மலையில் இருப்பவருக்கு நான் ஒரே நாள் முறையையே சொல்வேன். காரணம், பழைய முறையில் லேபிலிருந்து கேப் வரும்வரை போட்டுவிடும் தற்காலிகக் கேப். அது வழியில் கழன்று விழுந்தால், செதுக்கிய பல் மூடாமல் கிடக்கும்; அக்கம்பக்கத்துப் பற்கள் நகர்ந்து, புதுக் கேப் உட்காராமலும் போகலாம். சேலத்துக்குள் இருப்பவர் மறுநாளே ஓடி வந்துவிடுவார். நீங்கள் 20 கொண்டை ஊசி வளைவு இறங்கி வர வேண்டும். போக்குவரத்தையும் போகும் கூலியையும் கூட்டிப் பார்த்தால் கூடுதல் காசு அவ்வளவு பெரிதாகத் தெரியாது. எவ்வளவு ஆகும் என்பதை முன்னாலேயே கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். கட்டுப்படியாகவில்லை என்றால் பழைய முறையும் நல்ல முறைதான். ஆனால் ரூட் கேனால் செய்த கடைவாய்ப் பல்லை மாதக்கணக்கில் கேப் இல்லாமல் விடாதீர்கள். மெல்லும்போது பிளந்துவிட்டால் பிடுங்குவதைத் தவிர வேறு வழி இல்லாமலும் போகலாம்.

காலையில் முதல் ஆளாக நேரம் வாங்குங்கள். மரத்துப் போகும் ஊசி போட்டிருந்தால், அது தெளியும்வரை கடி சரியாக இருக்கிறதா என்று உங்களுக்கே தெரியாது. இரண்டு மூன்று மணி நேரம் ஆகும். அதுவரை சூடான காப்பி வேண்டாம், உதட்டையும் கடித்துக்கொள்ளாதீர்கள். தெளிந்ததும் கிளினிக்குக்குத் திரும்பிப் போய், கடி படும் இடத்தில் மை பதியும் நீலத் தாளை வைத்துக் கடித்துக் காட்டுங்கள். கொஞ்சம் உயரமாகப் பட்டாலும் சொல்லுங்கள். தேய்த்துச் சரிசெய்ய ஐந்து நிமிடம் போதும். அதை முடித்துக்கொண்டு பஸ் ஏறுங்கள்.