தில்லிக்குப் போகும் தமிழ்ப் பத்திரங்கள்

அன்புள்ள அம்மா,

வணக்கம். சாத்தூர் பக்கம் எங்களுக்கு ஒரு கிராமம். அப்பாவின் நிலத்தைப் பற்றிய சிவில் வழக்கு கீழ்க்கோர்ட், உயர் நீதிமன்ற மதுரைக் கிளை எல்லாம் தாண்டி இப்போது உச்ச நீதிமன்றத்துக்குப் போகிறது. கிரயப் பத்திரங்கள், சாட்சி வாக்குமூலங்கள், கீழ்க்கோர்ட் தீர்ப்பு எல்லாம் தமிழில் இருக்கின்றன. அத்தனையையும் இங்கிலீஷில் கொடுக்க வேண்டும் என்று தில்லி வக்கீல் சொல்லிவிட்டார். மொழிபெயர்ப்பவர்கள் பக்கத்துக்கு இவ்வளவு என்று கேட்கிறார்கள். தம்பியோ, "போனில் போட்டோ எடுத்தால் போதும், ஒரே ராத்திரியில் முடிச்சிடலாம்" என்கிறான். நீங்கள் பத்திர மொழிபெயர்ப்பு செய்தவர் என்று எழுதியிருந்தீர்கள். தம்பி பேச்சைக் கேட்கலாமா? நம் ஊர் நிலத்துக்கு நம் மொழியில் கடைசி வரை வழக்கு நடத்த ஏன் முடியவில்லை?

மு., சாத்தூர்

அன்புள்ள மு.,

இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். அரசியலமைப்புச் சட்டத்தின் 348ஆவது பிரிவு, உச்ச நீதிமன்றத்துக்கும் உயர் நீதிமன்றங்களுக்கும் ஆங்கிலத்தையே மொழியாக வைத்திருக்கிறது. குடியரசுத் தலைவரின் ஒப்புதலோடு ஒரு மாநில ஆளுநர் தன் உயர் நீதிமன்றத்தில் இந்தியையோ மாநில மொழியையோ அனுமதிக்கலாம். ராஜஸ்தான், உத்தரப் பிரதேசம், மத்தியப் பிரதேசம், பீகார் ஆகிய நான்கும் இந்திக்கு அந்த அனுமதியை எப்போதோ வாங்கிவிட்டன. தமிழுக்காக நம் சட்டமன்றம் 2006இல் தீர்மானம் போட்டது. 2012இல் உச்ச நீதிமன்ற நீதிபதிகளின் முழுக்கூட்டம் அதை ஏற்கவில்லை. இந்தியில் முடிவது தமிழில் ஏன் முடியாது என்ற கேள்விக்கு எனக்கு நியாயமான பதில் இன்றுவரை கிடைக்கவில்லை. கீழ்க்கோர்ட்டுகளில் தமிழ் இருப்பது 1976இல் ஆட்சிமொழிச் சட்டத்தில் செய்த திருத்தத்தால். அதனால்தான் உங்கள் அப்பாவின் சாட்சியம் அவர் பேசிய மொழியிலேயே பதிவாகியிருக்கிறது.

மதுரைக் கிளை வரைக்கும் தமிழ் படிக்கத் தெரிந்த நீதிபதி கிடைக்க வாய்ப்பு உண்டு. ஒரு வரியில் சந்தேகம் வந்தால் அவர் மூலத்தையே புரட்டிப் பார்த்துவிடுவார். தில்லியில் அந்த வாய்ப்பு மிகக் குறைவு. அங்கே சாட்சிகளை மறுபடி கூண்டில் ஏற்றி விசாரிப்பதும் இல்லை. தாளில் இருப்பதுதான் வழக்கு, அந்தத் தாளும் மொழிபெயர்ப்புத்தான். இதை உங்கள் தம்பிக்குச் சொல்லுங்கள்.

உங்கள் கிரயப் பத்திரத்தின் சொத்து விவரத்தை எடுத்துப் பாருங்கள். "இதற்குச் செக்குபந்தி: ஊருணிக்கு வடக்கு, ஓடைக்குத் தெற்கு, வண்டிப்பாதைக்குக் கிழக்கு, இன்னார் புஞ்சைக்கு மேற்கு, இதற்குள்பட்ட புஞ்சை ஏக்கர் இவ்வளவு" என்ற மாதிரி இருக்கும். செக்குபந்தி என்றால் நாலு எல்லை. ஊருணிக்கு வடக்கே நம் நிலம் இருக்கிறது என்று அர்த்தம். அதாவது நம் நிலத்தின் தெற்கெல்லை ஊருணி. ஆங்கில ஆவணங்களில் வடக்கில் என்ன, தெற்கில் என்ன என்று நிலத்தை நடுவில் வைத்து எழுதுவதுதான் வழக்கம். அவசரத்தில் மொழிபெயர்ப்பவர் 'வடக்கு: ஊருணி' என்று போட்டுவிடுவார். நாலு எல்லையும் இப்படியே தலைகீழாகும். பிறகு அந்தத் தாளை சர்வேயர் வரைபடத்தோடு ஒப்பிட்டால், நிலம் ஊருணிக்கு அந்தப் பக்கம் போய் உட்கார்ந்திருக்கும். எதிர்த்தரப்பு வக்கீலுக்கு இதைவிட என்ன வேண்டும்? "இவர்கள் பத்திரத்தில் இருக்கும் நிலமே வேறு" என்று ஒரு வாதத்தை நாமே கையில் கொடுத்துவிடுகிறோம். இந்தப் பிழையைக் கூலிக்கு ஓடுகிற மனிதரும் செய்வார், போனும் செய்யும்.

பழைய பத்திரம் என்றால் தேதியையும் பாருங்கள். தமிழ் வருஷத்தின் பெயர் அறுபது ஆண்டுக்கு ஒருமுறை திரும்பி வரும். 1927இலும் பிரபவ வருஷம் பிறந்தது, 1987இலும் பிறந்தது. அதோடு, வருஷம் பிறப்பது சித்திரையில். ஆகவே அந்த முதல் பிரபவத்தின் தை மாதம் என்றால் அது 1928 ஜனவரி. 1927 என்று எழுதினால் ஒரு வருஷம் பின்னே போய்விடும். யார் முதலில் வாங்கினார், எந்தப் பத்திரம் முந்தியது என்பதிலேயே வழக்கு நிற்கும்போது ஒரு வருஷம் சின்ன விஷயம் இல்லை. 'மேற்படி' என்பதற்கு ௸ என்ற குறியைப் போட்டுத்தான் அந்தக் காலத்து எழுத்தர்கள் பக்கம் பக்கமாக எழுதினார்கள். எந்த மேற்படி, யார் மேற்படி என்று முன்பக்கத்துக்குப் போய்த் தேடித்தான் சொல்ல முடியும்.

எனக்கு மிகவும் பயம் தருவது குறுக்கு விசாரணைப் பக்கங்கள். எதிர்த்தரப்பு வக்கீல் ஒன்றைச் சொல்வார், சாட்சி மறுப்பார். அது தமிழில் இப்படிப் பதிவாகும்: "தாவா நிலம் எங்கள் அனுபவத்தில் இல்லை என்று சொன்னால் சரியல்ல." தாவா நிலம், அதாவது வழக்கில் இருக்கும் நிலம், எங்கள் அனுபவத்தில், அதாவது எங்கள் கைவசத்தில் இருக்கிறது என்பதுதான் இதன் பொருள். இரண்டு மறுப்பில் ஒன்று நழுவினால், "நிலம் எங்கள் அனுபவத்தில் இல்லை" என்று உங்கள் அப்பாவே ஒப்புக்கொண்ட மாதிரி ஆங்கிலத்தில் நிற்கும். நாலைந்து வரி இப்படி வரிசையாக வந்தால் கண் தானாகத் தாவும். அப்படித் தாவியதை அச்சான தாள்களிலேயே பார்த்திருக்கிறேன். கூண்டில் மணிக்கணக்காக நின்று ஒரு முதியவர் சொன்ன மறுப்பு, மேசையில் உட்கார்ந்த ஒருவரின் அயர்ச்சியால் ஒப்புதல் ஆகிவிடுவதை என்னால் பொறுக்க முடிவதில்லை.

கருவியே கூடாது என்று சொல்லமாட்டேன். உச்ச நீதிமன்றமே 2019இல் 'சுவாஸ்' என்ற மொழிபெயர்ப்பு மென்பொருளைக் கொண்டுவந்தது. தீர்ப்புகள் தமிழில் கிடைக்கின்றன, அது நல்ல காரியம். ஆனால் அந்தத் தமிழ்த் தீர்ப்புகளின் கீழே, இது வழக்காடுபவர் புரிந்துகொள்ள மட்டுமே, அதிகாரபூர்வமானது ஆங்கில வடிவமே என்று ஒரு குறிப்பு இருக்கும். தன் தீர்ப்புக்கு இவ்வளவு எச்சரிக்கை எடுக்கிற நீதிமன்றத்தின் முன்னால், யாரும் சரிபார்க்காத தாளை உங்கள் மூலத்துக்குப் பதிலாக வைக்காதீர்கள். 2013ஆம் ஆண்டின் உச்ச நீதிமன்ற விதிகளும், மொழிபெயர்ப்பை இரு தரப்பும் ஒப்புக்கொண்டிருக்க வேண்டும், அல்லது நீதிமன்றம் நியமித்த அல்லது ஏற்றுக்கொண்ட மொழிபெயர்ப்பாளர் சான்றளித்திருக்க வேண்டும் என்றுதான் கேட்கின்றன. எந்த வழியில் போவது என்று வக்கீலிடம் இப்போதே பேசிவிடுங்கள்.

பணம் கஷ்டம் என்றால் தீர்ப்பு மொழிபெயர்ப்பின் முதல் வரைவுக்குப் போனைப் பயன்படுத்திக்கொள்ளலாம். அதையும் தெரிந்த ஒருவர் மூலத்தோடு வைத்துத் திருத்த வேண்டும். பத்திரங்களையும் வாக்குமூலத்தையும் மட்டும் நில வழக்கு தெரிந்த மனிதரிடமே கொடுங்கள். பக்கக் கூலியைக் குறைக்கச் சொல்லி நெருக்காதீர்கள், நெருக்கினால் அவர் வேகத்தைக் கூட்டுவார். மாநில அரசு இந்த வேலைக்கென்று ஆட்களைப் பயிற்றுவித்து, நல்ல சம்பளம் கொடுத்து வைத்திருந்தால், உங்களைப் போன்றவர்கள் இந்தச் செலவுக்கு அலைய வேண்டியதே இல்லை. மொழிக்காக இவ்வளவு பேசுகிற ஊரில் இது நடக்காதது எனக்குப் பெரிய வருத்தம்.

தாள்கள் வந்ததும் தாக்கல் செய்வதற்கு முன் சில நாட்கள் கேட்டு வாங்குங்கள். நீங்கள் தமிழைச் சத்தமாகப் படியுங்கள், தம்பி ஆங்கிலத்தில் விரலை வைத்துக்கொண்டு வரட்டும். சர்வே நம்பர், தேதி, பெயர், நாலு எல்லை, 'சரியல்ல' வருகிற ஒவ்வொரு வரி, இவற்றில் நிறுத்திப் பாருங்கள். "மாமா" என்று அப்பா சொன்ன இடமெல்லாம் யார் என்று உங்கள் வீட்டுக்குத்தான் தெரியும், மொழிபெயர்ப்பவருக்குத் தெரியாது. அதை ஒரு தாளில் எழுதி முன்கூட்டியே கொடுத்துவிடுங்கள். தாக்கல் ஆன பிறகு பிழை கண்ணில் பட்டாலும் மறைக்க வேண்டாம், அன்றைக்கே வக்கீலுக்குச் சொல்லித் திருத்திய பிரதியைத் தாக்கல் செய்யச் சொல்லுங்கள்.

செக்குபந்திப் பக்கத்தின் மூலத்தையும் மொழிபெயர்ப்பையும் எனக்கு அனுப்பினால் நானும் ஒருமுறை பார்த்துத் தருகிறேன்.