எனக்கு எத்தனை சதவீதம் வாய்ப்பு இருக்கிறது, மேடம்?

வணக்கம் மேடம்,

எனக்கு 17 வயது. தண்டையார்பேட்டையில் வீடு. ஆறாம் வகுப்பிலிருந்து மாநகராட்சிப் பள்ளிதான், இப்போது பிளஸ் டூ. அப்பா கண்டெய்னர் லாரி ஓட்டுகிறார், அம்மா வீட்டில் தையல் வேலை. நாங்கள் எம்பிசி.

ஐஐடிக்கான முதல் நுழைவுத் தேர்வான ஜேஇஇ மெயினை ஜனவரியில் எழுதினேன். 91.4 பர்சன்டைல் வந்தது. எங்கள் பள்ளியில் அதுதான் அதிகம், பிரேயரில் பெயர் சொல்லிக் கைதட்டினார்கள். அன்று ராத்திரியே ரேங்க் கணிக்கும் இணையதளம் ஒன்றில் அதைப் போட்டுப் பார்த்தேன். ஐஐடி மெட்ராஸுக்கு ‘வாய்ப்பு குறைவு’ என்றது. வேறொன்றில் போட்டேன். ‘முயற்சி செய்யலாம்’ என்றது. அன்றிலிருந்து தினமும் இதே வேலை. பர்சன்டைல் மாறப்போவதில்லை என்று தெரியும். ஆனாலும் பிரிவை மாற்றிப் போடுகிறேன், ஏப்ரலில் 94 வந்தால், 97 வந்தால் என்று போட்டுப் பார்க்கிறேன். யூடியூப் வீடியோக்களின் கீழே என் பர்சன்டைலைப் போட்டு ‘கிடைக்குமா அண்ணா?’ என்று கேட்கிறேன். மணி ஒன்று, ஒன்றரை ஆகிவிடுகிறது. காலையில் இயற்பியல் புத்தகத்தைத் திறந்தால் ஒன்றும் மண்டையில் ஏறவில்லை.

இதற்கு நடுவில் அப்பா, துறைமுகத்துக்குள் போக வண்டிகள் வரிசையில் நிற்கும்போது மற்ற டிரைவர்களிடம் “எம் பொண்ணு ஐஐடிக்குப் போவப்போவுது” என்று சொல்லிவிட்டார். ஒரு அண்ணன் தெருவில் என்னைப் பார்த்து “என்ன ஐஐடி, சாப்ட்டியா?” என்கிறார். அத்தை அப்படியே எதிர். “நம்ம பக்கத்துலேர்ந்து எவ போயிருக்கா? பேசாம பி.காம் சேரு” என்கிறார்.

எனக்கு உண்மையில் எத்தனை சதவீதம் வாய்ப்பு இருக்கிறது? குறைவு என்றால் இப்போதே விட்டுவிட்டு பப்ளிக் தேர்வுக்கு மட்டும் படிக்கட்டுமா? இல்லை, ஒரு வருடம் வீட்டில் இருந்து மறுபடி எழுதவா? அப்பாவிடம் எப்படிச் சொல்வது?

இப்படிக்கு,
தண்டையார்பேட்டை மாணவி

* * *

அன்புள்ள மாணவிக்கு,

நேராகவே சொல்லிவிடுகிறேன். 91.4-ஐ வைத்துப் பார்த்தால், இந்த வருடம் ஐஐடி மெட்ராஸில் பி.டெக். இடம் கிடைப்பது கடினம். 2024-இல் மெயின் தேர்வை ஜனவரி, ஏப்ரல் இரண்டு கட்டங்களிலும் சேர்த்து 14 லட்சத்துக்கும் அதிகமானோர் எழுதினார்கள். 91.4 என்றால் உனக்கு மேலே 8.6 சதவீதம் பேர். அந்தக் கூட்டத்தில் அது 1,20,000 பேருக்கு மேல். அந்த ஆண்டு 23 ஐஐடிகளிலும் சேர்த்து 17,740 இடங்கள். மெயினில் தகுதி பெற்றவர்கள் ஐஐடிக்காக அடுத்து எழுதும் தேர்வு அட்வான்ஸ்டு, அதை எழுதியவர்கள் 1,80,200 பேர். பத்தில் ஒருவருக்குக் கிடைக்கிறது என்று இதை வகுத்துச் சொல்வார்கள். பத்துப் பேரும் ஒரே தரத்தில் இருந்தால்தானே அந்தக் கணக்கு உனக்குப் பொருந்தும்?

அதற்காக விட்டுவிடச் சொல்லவில்லை. 2024-இல் அட்வான்ஸ்டு எழுதத் தகுதி பெற, பொதுப் பிரிவுக்கு 93.23 தேவைப்பட்டது. ஓபிசி பிரிவுக்கு 79.67 போதுமாக இருந்தது. உங்கள் சாதி மத்திய அரசின் ஓபிசி பட்டியலிலும் இருந்தால், அந்த ஆண்டின் அளவுப்படி நீ அட்வான்ஸ்டு எழுதலாம். ஏப்ரலில் மெயின் இன்னொரு முறை வருகிறது, இரண்டில் எது அதிகமோ அதைத்தான் ரேங்குக்கு எடுப்பார்கள். 2018-லிருந்து ஐஐடிகளில் பெண்களுக்கென்று கூடுதல் இடங்களும் உண்டு. நீ தமிழ் வழியா, ஆங்கில வழியா என்று எழுதவில்லை. மெயின் தேர்வைத் தமிழில் எழுதலாம். அட்வான்ஸ்டு வினாத்தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டும்தான்.

சரி, இப்போது அந்த ரேங்க் கணிப்பு இணையதளங்களுக்கு வருகிறேன். எனக்கு அவற்றின் மேல் கொஞ்சம் கோபம் உண்டு. முடிவைக் காட்டுவதற்கு முன் செல்போன் எண்ணைக் கேட்கும், மறுநாள் கோச்சிங் சென்டரிலிருந்து அழைப்பு வரும். பயந்த பிள்ளையும் பணம் கட்டும், ஆசை காட்டப்பட்ட பிள்ளையும் கட்டும். அது இருக்கட்டும். உனக்கு 8 சதவீதம் வாய்ப்பு என்று நான் சொன்னால் நாளைக் காலையில் என்ன செய்வாய்? இயற்பியல் படிப்பாய். 30 என்றால்? அதே இயற்பியல்தான். பப்ளிக் தேர்வுக்கும் ஜேஇஇக்கும் பாடம் பெரும்பாலும் ஒன்றே, கேள்வி கேட்கும் விதம்தான் வேறு. ஆக, நீ செய்யப்போகும் எதையும் மாற்றாத ஓர் எண்ணுக்காக ஒன்றரை மணிவரை விழித்திருக்கிறாய்.

அப்படியானால் அந்த எண் எதற்கு? உன் கடிதத்தைப் படித்தால் எனக்குத் தோன்றுவது இதுதான்: எண் பெரிதாக வந்தால் அப்பா சொன்னது சரி, சிறிதாக வந்தால் அத்தை சொன்னது சரி. ஆசைப்படுவதற்கு உனக்குத் தகுதி இருக்கிறதா என்று யாரோ எழுதிய ஒரு மென்பொருளிடம் கேட்டுக்கொண்டிருக்கிறாய். அது எவ்வளவு நல்ல மென்பொருளாக இருந்தாலும் இதற்குப் பதில் தராது, அதனால்தான் திரும்பத் திரும்பக் கேட்க வேண்டியிருக்கிறது. பார்த்ததும் ஒரு நிமிடம் நிம்மதி, அப்புறம் சந்தேகம், மறுபடியும் பார்ப்பது. கேஸை அணைத்தோமா என்று பத்து முறை எழுந்துபோய்ப் பார்ப்பவர்களுக்கும் இப்படித்தான் ஆகிறது. ஒவ்வொரு முறை பார்க்கும்போதும் சந்தேகத்துக்குத்தான் பலம் கூடும்.

இனிமேல் பார்க்கவே மாட்டேன் என்று சபதம் எடுக்காதே. ராத்திரி பத்து மணிக்கு போனை அம்மாவிடம் கொடுத்துவிடு. ஞாயிறு மாலை அரை மணி நேரம், ஆசை தீரப் பார்த்துக்கொள். மற்ற நாளில் கை பரபரக்கும். கொஞ்ச நேரம் கஷ்டமாக இருக்கும், எதுவும் செய்யாமல் விட்டால் தானாகத் தணியும். முதல் வாரம் மோசமாகத்தான் போகும், சொல்லிவிட்டேன். அதன் பிறகும் தூக்கம் வராவிட்டாலோ, மனது ரொம்பக் கனத்தாலோ 14416-ஐக் கூப்பிடு. டெலி மானஸ் என்ற அரசின் இலவச சேவை, தமிழிலேயே பேசலாம்.

மார்ச்சில் வரும் பப்ளிக் தேர்வை நீ கடிதத்தில் தொட்டுவிட்டுப் போயிருக்கிறாய். எனக்கு அதுதான் உன் கையில் இருக்கும் பெரிய விஷயமாகத் தெரிகிறது. கிண்டி பொறியியல் கல்லூரிக்கு நுழைவுத் தேர்வே கிடையாது. கணிதத்துக்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50 என்று பிளஸ் டூ மதிப்பெண்ணை 200-க்குக் கணக்கிட்டுக் கலந்தாய்வில் இடம் தருகிறார்கள். ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு 7.5 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது. உன் மாநகராட்சிப் பள்ளியும் அதில் சேரும். அந்த ஒதுக்கீட்டில் சேர்ந்தால் படிப்புக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே கட்டுகிறது. 1794-இல் தொடங்கிய கல்லூரி அது, ஐஐடி மெட்ராஸ் வந்தது 1959-இல். உங்கள் ஊரில் மெட்ரோ ஏறினால் எங்கும் மாறாமல் கிண்டியில் இறங்கலாம். ஐஐடி கிடைக்காதவர்கள் போகும் இடம் என்று யாராவது சொன்னால் சிரித்துவிட்டுப் போ.

ஒரு வருடம் வீட்டில் இருப்பது பற்றி இப்போது முடிவு செய்ய வேண்டாம். அட்வான்ஸ்டை அடுத்தடுத்த இரண்டு ஆண்டுகளில் இரண்டு முறை எழுத விடுகிறார்கள், அதனால் இந்தக் கேள்வி ஜூன் வரை காத்திருக்கும். என்னைக் கேட்டால், கிண்டியில் பிடித்த பாடம் கிடைத்தால் சேர்ந்துவிடு என்பேன். வீட்டில் ஒரு வருடம் தனியாக உட்கார்ந்து படிப்பது இப்போதைய உன் மனநிலைக்கு ஒத்துவராது.

அத்தைக்குப் பதில் சொல்ல வேண்டிய அவசியமில்லை. அப்பாவிடம் பேசத்தான் வேண்டும். சதவீதக் கணக்கெல்லாம் சொல்லாதே, அவருக்கு அது விட்டுக்கொடுப்பதாகக் கேட்கும். “மார்ச்சுல பப்ளிக், ஏப்ரல்ல மெயின், மே மாசம் அட்வான்ஸ்டு. ஜூன்லதான்ப்பா தெரியும். அதுவரைக்கும் வெளியில சொல்லாதீங்க, எனக்கு பயமா இருக்கு” என்று சொல்லிப் பார். லாரி வரிசையில் உன்னைப் பற்றிப் பேசும் மனிதர், இதைக் கேட்டால் வாயை மூடிக்கொள்வார் என்றே நினைக்கிறேன்.

கூடவே அவருக்கு ஒரு வேலையும் கொடு. உங்களிடம் இருக்கும் எம்பிசி சான்றிதழ் ஐஐடிக்குச் செல்லாது. மத்திய அரசுப் படிவத்தில், கிரீமி லேயர் (வசதி படைத்த பிரிவு) இல்லை என்று குறிப்பிட்ட ஓபிசி சான்றிதழ் வேண்டும், அதுவும் அந்த ஆண்டு ஏப்ரல் 1 அல்லது அதற்குப் பிறகு வாங்கியதாக இருக்க வேண்டும். லோடு இல்லாத ஒரு நாளில் அப்பா இ-சேவை மையத்துக்குப் போய் என்னென்ன தாள்கள் தேவை என்று இப்போதே கேட்டு வைக்கட்டும். மெயின் விண்ணப்பத்தில் எந்தப் பிரிவைக் குறித்திருக்கிறாய் என்பதையும் இன்றே எடுத்துப் பார்த்துவிடு.