ஒரு வருடப் பயணம், ஊரில் நூறு வருடம்: குயீன் பாட்டின் இயற்பியல்

குயீன் என்ற பிரித்தானிய ரொக் இசைக்குழுவின் 1975ஆம் ஆண்டுப் பாட்டு ‘’39’. அதில் ஒரே வருடம் மூத்துத் திரும்பும் விண்பயணிக்கு உலகமே கிழடாகிவிட்டது எப்படி என்று கேட்டிருக்கிறீர்கள். கனவு, சாவு என்று உருவகம் தேட வேண்டாம், இது ஐன்ஸ்டைனின் காலநீட்சிதான்: ஒளிவேகத்தை நெருங்கிப் பறப்பவருக்கு, பூமியில் இருப்பவரைவிடக் காலம் மெதுவாக ஓடும். பாட்டை எழுதிய குயீன் கிற்றார் கலைஞர் பிரையன் மே வானியற்பியல் படித்தவர். இடையில் விட்ட ஆய்வை முடித்து 2007இல் கலாநிதிப் பட்டமும் எடுத்தார்.

ஒளிவேகத்தின் 99.995 வீதத்தில் பறக்கும் கப்பலில் ஒரு வருடம் என்றால் பூமியில் நூறு வருடம். இங்கே மட்டக்களப்பில், கல்லடிப் பாலத்தடியில் மனைவியிடம் சொல்லிவிட்டு வெளிக்கிட்டவர் அடுத்த வருடம் அதே இடத்தில் இறங்குகிறார் என்று வையுங்கள். கைப்பையில் அவள் கட்டித்தந்த தொதல் மிச்சம் இருக்கும். அவள் இருக்கமாட்டாள். எதிரே கிழவியாக நிற்கும் மகளின் கண்ணில் மட்டும் அவள் சாயல். பாட்டில் வரும் ‘உன் தாயின் கண்கள்’ அதுதான்.