ஆம்ப்ளிஃபையரில் 5200, 1943 டிரான்சிஸ்டருக்கு மைக்காவும் பேஸ்ட்டும் போடுவதா, சிலிகோன் பேடு போடுவதா?

மைக்காவும் பேஸ்ட்டும்தான். (5200, 1943 என்பவை ஸ்பீக்கரை ஓட்டும் 2SC5200, 2SA1943 அவுட்புட் டிரான்சிஸ்டர்கள். மைக்கா கரண்ட் கடத்தாத மெல்லிய தாள், பேஸ்ட் சூட்டைக் கடத்தும் பசை.) மதுரையில் சித்திரை வெயில் 40 டிகிரியைத் தொடும்போது திருவிழா மைக் செட்டு ராப்பகலாக ஓடும். அந்த ஆம்ப்புக்குப் பத்து டிகிரி கூடுவதும் குறைவதும் பெரிய விஷயம்.

பேடு பாக்கெட்டில் இருக்கும் டபிள்யூ/எம்கே எண்ணை (சூட்டைக் கடத்தும் திறன்) மட்டும் பார்த்து வாங்காதீர்கள், கனத்தையும் சேர்த்துப் பாருங்கள். 5200-இன் முதுகு உலோகத்தைச் சுமார் 3 சதுர செ.மீ. என்றும், அது தள்ளும் வெப்பத்தை 30 வாட் என்றும் வைத்துக்கொள்வோம். 1 மி.மீ. கனத்தில் 3 டபிள்யூ/எம்கே பேடு போட்டால் முதுகுக்கும் ஹீட் சிங்குக்கும் (சூட்டை வாங்கி வெளியே விடும் அலுமினியக் கட்டை) நடுவே 33 டிகிரி வித்தியாசம் வரும். மைக்காவின் எண் வெறும் 0.5தான். ஆனால் 0.05 மி.மீ. தாள் என்பதால் 10 டிகிரியோடு முடிந்துவிடும். இருபுறமும் சாதாரண வெள்ளை பேஸ்ட் மெல்லிசாக இருந்தால் இன்னும் 5, ஆக 15. 6 டபிள்யூ பேடு போட்டாலும் 17தான் கிடைக்கும், அதுவும் பாக்கெட்டில் போட்டது நிஜமாக இருந்தால்!

ஹீட் சிங்க் 80 டிகிரியில் நிற்கிறது என்றால், 5200-க்கு உள்ளேயே 30 வாட்டுக்கு 25 டிகிரி ஏறும். மைக்கா போட்டால் உள்சூடு 120, 3 டபிள்யூ பேடு போட்டால் 138. அதன் எல்லை 150.

மைக்காவை விட்டுவிட்டு வெறும் பேஸ்ட் போடலாமே என்று தோன்றும். கூடாது. முதுகு உலோகம் கலெக்டர் என்ற நடுக்காலோடு சேர்ந்தது. 5200-இல் அது பிளஸ் சப்ளை, 1943-இல் மைனஸ். ஒரே ஹீட் சிங்கில் இரண்டையும் நேராக வைத்தால் ஆன் செய்ததுமே ஷார்ட்.

பழைய காய்ந்த பேஸ்ட்டை பிளாஸ்டிக் அட்டையால் சுரண்டி, ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் துடைத்துவிடுங்கள். டிரில் போட்ட ஓட்டையின் விளிம்பில் பிசிறு இருந்தால் பெரிய பிட்டைக் கையால் திருப்பி எடுங்கள். மைக்காவைக் கிழித்து ஷார்ட் ஆக்குவது பெரும்பாலும் அந்தப் பிசிறுதான். பேஸ்ட் ஒரு பக்கத்துக்கு ஒரு சீரகச் சம்பா அரிசி அளவு போதும். இடுக்குகளில் இருக்கும் காற்றை (அதன் எண் 0.026) வெளியேற்றுவது மட்டுமே அதன் வேலை. இட்லிக்குச் சட்னி போல அப்பினால் கனம் கூடி, சூடும் கூடும்.

5200-இன் ஓட்டை பிளாஸ்டிக்கில் இருப்பதால் புஷ் (ஸ்க்ரூ உலோகத்தில் படாமல் தடுக்கும் பிளாஸ்டிக் வளையம்) தேவையில்லை. ஓட்டை உலோகத்திலேயே இருக்கும் டிஓ-220 வகை டிரான்சிஸ்டருக்குக் கட்டாயம் வேண்டும். பயாஸ் டிரான்சிஸ்டர் (சூட்டுக்கு ஏற்ப அவுட்புட்டின் கரண்ட்டைக் கட்டுப்படுத்துவது) ஹீட் சிங்கில் இருந்தால் அதற்கும் மைக்காவும் பேஸ்ட்டும் போடுங்கள். அது சூட்டை உணராவிட்டால் சும்மா இருக்கும்போதே கரண்ட் ஏறி அவுட்புட் போய்விடும். சப்ளை கொடுக்கும் முன் மல்டிமீட்டரில் நடுக்காலுக்கும் ஹீட் சிங்குக்கும் மெகா ஓம் ரேஞ்சில் பாருங்கள், ஏதாவது காட்டினால் கழற்றிவிடுங்கள்.

வெள்ளி நிற பேஸ்ட்டில் சிலது கரண்ட் கடத்தும், இங்கே வேண்டாம். லிக்விட் மெட்டல் வேண்டவே வேண்டாம், அதிலுள்ள காலியம் அலுமினியத்தை அரித்துவிடும். பேடு பயன்படும் இடம் வேறு: உயரம் ஒத்துவராத சிப்புகள், அரை மி.மீ.க்கு மேல் இடைவெளி விழும் லேப்டாப் போர்டுகள்.

இத்தனையும் செய்து 5200 மறுபடி போனால் பேஸ்ட்டைக் குறை சொல்லாதீர்கள், சந்தையில் போலி 5200 ஏராளம். முதல் தடவை அரை மணி நேரம் ஓட்டி, ஆறியதும் ஸ்க்ரூவை ஒருமுறை பாருங்கள். பேஸ்ட் பரவி லேசாகத் தளர்ந்திருக்கும். அப்போதும் முரட்டுத்தனமாக இறுக்க வேண்டாம், மைக்கா விரிசல் விடும்.