லவுண்ட்ஸ் கவுண்டி, அலபாமா: உங்கள் கேள்விகளுக்குப் பதில்

கேள்வி: சார், லவுண்ட்ஸ் கவுண்டி எங்கே இருக்கிறது?

அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில், செல்மா, மாண்ட்கமரி நகரங்களுக்கு நடுவே. கவுண்டி என்றால் நம் மாவட்டம் மாதிரி. தலைமையிடம் ஹேன்வில். 1830-ல் உருவானது. ஜார்ஜியாவிலும் மிசிசிப்பியிலும் இதே பெயரில் கவுண்டிகள் உண்டு. எதைப் படித்தாலும் முதலில் மாநிலத்தைப் பாருங்கள்.

கேள்வி: அங்கே பருத்தி ஏன் அவ்வளவு விளைந்தது?

மண்தான் காரணம். டைனோசர்கள் வாழ்ந்த கிரெட்டேசியஸ் காலத்தில் அங்கே கடல் இருந்தது. கடலடியில் படிந்த சுண்ணாம்புப் பாறையின்மேல் உருவான கரிசல் அது. 1814-ல் கிரீக் பழங்குடியினர் பெரும்பகுதி நிலத்தை இழந்தபின், தோட்ட முதலாளிகள் அடிமைகளைக் கொண்டுவந்து இறக்கினார்கள். அடிமை முறை ஒழிந்த பிறகும் பலர் விளைச்சலில் பங்கு கொடுத்து அதே நிலத்தைத்தான் உழுதார்கள். 1965 தொடக்கத்தில் ஐந்தில் நான்கு பேர் கருப்பினத்தவர். வாக்காளர் பட்டியலில் அவர்களில் ஒருவர்கூட இல்லை. பெயர் பதியப் போனவர்களை முதலாளிகள் வீட்டைவிட்டு வெளியேற்றினார்கள். அந்தக் குடும்பங்கள் 80-ம் எண் நெடுஞ்சாலையோரம் கூடாரம் போட்டுக் குடியிருந்தன.

கேள்வி: கருப்பினத்தவர் உரிமைக்காகப் போராடிய கருஞ்சிறுத்தைக் கட்சி (Black Panther Party) கலிபோர்னியாவின் ஓக்லாந்தில் தொடங்கியதுதானே? அதை ஏன் லவுண்ட்ஸோடு சேர்த்துப் பேசுகிறார்கள்?

ஓக்லாந்து கட்சி பிறந்தது 1966 அக்டோபரில். சிறுத்தைச் சின்னம் அதற்கு முன்பே லவுண்ட்ஸில் இருந்தது. கருப்பின உரிமைப் போராளி ஸ்டோக்லி கார்மைக்கேலும் உள்ளூர்த் தலைவர் ஜான் ஹியூலெட்டும் அங்குள்ள மக்களோடு சேர்ந்து தனிக் கட்சி கட்டினார்கள். எழுதப் படிக்கத் தெரியாதவர்களும் வாக்களிக்கச் சின்னம் வேண்டுமே! அலபாமா ஜனநாயகக் கட்சியின் சின்னம் வெள்ளைச் சேவல். வெள்ளையர் மேலாதிக்க முழக்கமும் அதோடு வெகுகாலம் இருந்தது. இவர்கள் எடுத்தது கருஞ்சிறுத்தை.

கேள்வி (அதே நண்பர்): ஆனால் 1966 நவம்பர் தேர்தலில் லவுண்ட்ஸ் கட்சிக்காரர்கள் தோற்றார்களே, அப்புறம் என்ன பெருமை?

தோற்றார்கள், உண்மை. ஆனால் 1970-ல் அதே ஹியூலெட் அங்கே ஷெரீப்பாக, அதாவது கவுண்டியின் காவல் தலைவராக, தேர்ந்தெடுக்கப்பட்டார். ஐந்து வருடம் முன்பு வாக்கே இல்லாத மக்களுக்கு இது சின்ன விஷயமா? ஓக்லாந்தின் புகழில் இவர்களை மறந்துவிடாதீர்கள்.

கேள்வி: தலைமையிடம் வால்டோஸ்டா என்று படித்தேனே?

அது ஜார்ஜியா.

கேள்வி: கொலம்பஸ் நகரம் லவுண்ட்ஸில்தானே?

மிசிசிப்பி லவுண்ட்ஸ். மாநிலத்தைப் பார்த்துவிட்டுக் கேளுங்கள், மேலேயே சொல்லிவிட்டேன்.

கேள்வி: அங்கே நிலம் வாங்கலாமா?

வக்கீலைக் கேளுங்கள்.

கேள்வி: இன்றைக்கு அங்கே பெரிய பிரச்சினை என்ன?

கழிவுநீர். பருத்தி விளைந்த அதே களிமண் தண்ணீரை உள்ளே விடாது, சாதாரண செப்டிக் டேங்க் நிற்காது. பல வீடுகளில் கழிப்பறையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் குழாய் போய்க் கொல்லையில் திறந்தபடி முடிகிறது. மழை பெய்தால் சாக்கடை குளியல் தொட்டி வழியாகத் திரும்பி வரும். மண்ணுக்கேற்ற அமைப்புக்கு ஆகும் செலவு ஏழைக் குடும்பத்தால் முடியாதது. 2023-ல் அமெரிக்க மத்திய அரசின் நீதித்துறை அமைச்சகம் மாநில சுகாதாரத் துறையோடு இதற்காக ஓர் ஒப்பந்தம் போட்டது. 2025 ஏப்ரலில் அதை அந்த அமைச்சகமே முடித்துக்கொண்டது. எனக்கு இது பச்சை அநியாயமாகத்தான் படுகிறது.