பாட்டு நடத்துகிறவர் தாழ்மையை எப்படிக் கற்றுக்கொள்வது?

பாளையங்கோட்டைப் பக்கத்துச் சபை ஒன்றில் ஞாயிறு ஆராதனைக்குப் பாட்டு நடத்தும் பொறுப்பு புதிதாக வந்திருக்கிறது, "நல்லா பாடுறீங்க" என்று நாலு பேர் சொன்னதும் மனசு உயருகிறது, என்ன செய்ய என்று கேட்டிருக்கிறீர்கள்.

ஜெபிக்கச் சொல்லி உங்கள் சபைப் போதகரான ஐயரே சொல்லியிருப்பார். நான் சுருதியையும் வால்யூமையும் பற்றிச் சொல்கிறேன். பாட்டு நடத்துகிறவருடைய பெருமை முதலில் அங்கேதான் தலைகாட்டும், கையால் திருத்தவும் முடியும்.

நல்ல குரலுள்ள ஆண்கள் கீர்த்தனையை 3 கட்டை, 4 கட்டை என்று உயர்ந்த சுருதியில் எடுப்பார்கள் (1 கட்டை என்பது கீபோர்டின் 'சி'). அவர்கள் குரல் கணீரென்று கேட்கும். சரணம் மேலே ஏறியதும் பெண்கள் பக்கம் வாய் மட்டும் அசையும். பல்லவியைப் பாடிப் பார்த்துச் சுருதி வைப்பதுதான் காரணம். பல்லவி பெரும்பாலும் கீழேயே நிற்கும், அனுபல்லவியும் சரணமுந்தான் ஏறும். ஆகவே பாட்டின் உச்ச சுரத்தை முதலில் தேடுங்கள். கீபோர்டில் நடு 'சி'க்கு அடுத்த மேல் 'சி', மிஞ்சினால் 'டி', அதற்குள் அந்த உச்சம் அடங்க வேண்டும். ஆண்கள் தானாகவே ஒரு ஸ்தாயி கீழே பாடிக்கொள்வார்கள். 1 கட்டையில் எடுத்து மேல் காந்தாரம் ('க') வரை போகும் பாட்டென்றால் உச்சம் 'ஈ' ஆகிவிடும்; கீபோர்டின் சுருதியை ஏற்றி இறக்கும் டிரான்ஸ்போஸை −2 வைத்தால் 'டி'யில் நிற்கும். விடியற்கால ஆராதனைக்கு இன்னும் அரைக் கட்டை இறக்குங்கள், அந்த நேரத்தில் யாருக்கும் தொண்டை திறந்திருக்காது. மேல்நாட்டு மெட்டில் பாடும் பாமாலைப் பாட்டை ராகப் புத்தகத்தில் அச்சிட்ட சுருதியிலேயே வாசித்தாக வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. இப்படி இறக்கினால் உங்கள் குரல் சாதாரணமாகத்தான் கேட்கும். அதைச் சகிக்க முடிகிறதா என்று பாருங்கள்.

அடுத்தது, "சபை இழுக்குது" என்ற புகார். ஒலி நொடிக்கு ஏறக்குறைய 340 மீட்டர் போகும். முன்னால் மட்டும் ஸ்பீக்கர் பெட்டி வைத்த 34 மீட்டர் நீளக் கோவிலில் கடைசி வரிசைக்கு உங்கள் பாட்டு 0.1 நொடி பிந்திப் போய்ச் சேருகிறது. அவர்கள் கேட்ட உடனே பாடினாலும் அது உங்களிடம் திரும்பி வர இன்னொரு 0.1 நொடி. பழைய கற்சுவர்க் கோவில் என்றால் எதிரொலி வேறு. அவர்கள் சரியாகப் பாடினாலும் உங்கள் காதுக்குப் பிந்தியதாகவே படும். இது தெரியாமல் நடத்துகிறவர் வேகத்தைக் கூட்டுவார், தாளம் போடும் ரிதம் பேடின் சத்தத்தை ஏற்றுவார், முகத்தைச் சுளிப்பார். செய்ய வேண்டியது வேறு: தாளத்தைச் சற்று நிதானமாக வைத்து, வரி முடிவில் ஒரு மூச்சு இடம் விடுங்கள். அந்த இடைவெளியில் கடைசி வரிசை வந்து சேர்ந்துகொள்ளும்.

சனிக்கிழமை பயிற்சியில் ஒருவரைக் கடைசிப் பெஞ்சில் உட்கார வைத்து மைக் அளவைச் சொல்லச் சொல்லுங்கள். மேடையில் நிற்பவர் சொல்வது கணக்கில்லை. பல்லவியின் முதல் அடியை மைக்குக்கு நெருங்கி எடுத்துக் கொடுங்கள், சபை பிடித்துக்கொண்டதும் ஒரு சாண் விலகி நில்லுங்கள். இடையிசை இரண்டு ஆவர்த்தனத்துக்கு (தாளச் சுற்றுக்கு) மேல் வேண்டாம். கடைசிப் பல்லவியில் வாத்தியம் எல்லாவற்றையும் நிறுத்தி, நீங்களும் மைக்கைவிட்டு விலகுங்கள். பாட்டு தொடர்ந்தால் சபை பாடியிருக்கிறது. விழுந்துபோனால் அதுவரை நீங்கள் தனியாகக் கச்சேரி செய்திருக்கிறீர்கள்!

மெட்டுத் தகராறு நம் திருநெல்வேலிச் சீமையில் கட்டாயம் வரும். 1774-இல் இங்கே பிறந்த கிறிஸ்தவக் கவிஞர் வேதநாயக சாஸ்திரியாரின் கீர்த்தனைகளைப் புத்தகம் பாராமல் பாடுகிற ஆச்சிமார் இன்னும் இருக்கிறார்கள். ஊருக்கு ஊர் நெளிவு மாறும். நீங்கள் யூடியூபில் கேட்டது ஒன்று, ஆச்சி பாடுவது ஒன்று என்றால் ஆச்சி வழியே போங்கள். ராகமே தப்பாகிறது என்றால் பயிற்சிக்கு அவர்களை அழைத்துப் பேசலாம். ஆராதனை நடுவில் மைக்கில் திருத்தாதீர்கள். சேர்ந்து பாடுகிறவர் சுருதி விட்டாலும் அப்படியே, பிறகு தனியாகச் சொல்லுங்கள்.

பாட்டு எண்ணை இரண்டு தரம் சொல்லி, தாள் புரளும் சத்தம் அடங்கியபின் தொடங்குங்கள். நடுவில் குட்டிப் பிரசங்கம் வேண்டாம், அதற்கு ஐயர் இருக்கிறார். காணிக்கைப் பாட்டில் கண் தட்டு மேல் இருக்கட்டும். தட்டு பீடத்துக்குப் போய்விட்டால் இன்னும் மூன்று சரணம் மீதி என்றாலும் பல்லவியோடு முடித்துவிடுங்கள்.

வாரா வாரம் ஒரே ஆள் நடத்துவதும் கேடுதான். 1 நாளாகமம் 25-ஆம் அதிகாரத்தில் ஆலயப் பாடகர் 288 பேர், வகுப்புக்கு 12 பேராக 24 வகுப்பு. பெரியவன் சிறியவன், ஆசான் மாணாக்கன் என்ற பேதமில்லாமல் முறைக்குச் சீட்டுப் போட்டார்கள். உங்கள் சபையில் நாலு பேர் இருந்தாலே மாதப் பட்டியல் போட்டுவிடலாம். சபையார் கூடி உண்ணும் அசனப் பண்டிகை, கிறிஸ்துமஸ் பாட்டு ஆராதனையான கீத பவனி போன்ற கூட்டம் கூடுகிற நாட்களையும் அதே சீட்டில் சேருங்கள். சாதாரண ஞாயிறை விட்டுக்கொடுப்பது சுலபம், சிக்கல் எல்லாம் பண்டிகை நாளில்தான்.

யாராவது பாராட்டினால் "நன்றிங்க" என்று சொல்லி நிறுத்துங்கள். "நானா பாடுனேன், எல்லாம் அவர்தான்" என்று நீட்டினால் இன்னொரு பாராட்டை வரவழைப்பதாகிவிடும். வேண்டுமானால், "உங்களுக்குச் சுருதி எட்டுச்சா?" என்று திருப்பிக் கேளுங்கள். வரும் பதிலை ஒரு நோட்டில் பாட்டு எண், சுருதி, டிரான்ஸ்போஸ் எண்ணோடு எழுதி, கீபோர்டு உறையிலேயே வையுங்கள். அடுத்த வாரம் நடத்துகிறவருக்கும் அது வேண்டும்.