பதின்மூன்றா, நான்கா?

அன்புள்ள ஆசிரியருக்கு,

அமெரிக்கக் கால்பந்து பற்றிய குறிப்பில், கிரீன் பே பேக்கர்ஸ் அணி 13 முறை பட்டம் வென்றதாக எழுதியிருந்தீர்கள். நான் பார்த்த பட்டியல்களில் அதற்கு 4 பட்டங்களே உள்ளன. நியூ இங்கிலாந்து பேட்ரியட்ஸும் பிட்ஸ்பர்க் ஸ்டீலர்ஸும் ஆளுக்கு 6 பட்டங்களுடன் முதலிடத்தில் நிற்கின்றன. எது சரி?

க.

அன்புள்ள க.,

இரண்டும் சரிதான். நீங்கள் பார்த்தது, லீகின் இன்றைய இறுதிப் போட்டியான சூப்பர் பௌலின் பட்டியல். முதல் சூப்பர் பௌல் ஆடப்பட்டது 1967 ஜனவரியில். இந்த அணிகள் ஆடும் என்.எஃப்.எல். (தேசியக் கால்பந்து லீக்) அமைப்போ 1920இலேயே, ஒஹையோ மாநிலத்துக் கான்டன் நகரின் ஒரு கார் விற்பனைக் கூடத்தில் தொடங்கப்பட்டுவிட்டது. பேக்கர்ஸின் 9 பட்டங்கள் அந்த இடைப்பட்ட காலத்தவை. அவற்றை விட்டுவிட்டு எண்ணுவது எனக்கு நியாயமாகப் படவில்லை.

ஆனால் அந்த ஒன்பதும் ஒரே வகையானவை அல்ல என்பதை நான் சொல்லியிருக்க வேண்டும். 1933க்கு முன் இறுதிப் போட்டி என்ற ஏற்பாடே கிடையாது. பருவம் முடிந்ததும் வெற்றி விகிதத்தைப் பார்த்து லீக் கூட்டத்தில் பட்டத்தை அறிவிப்பார்கள். 1929, 1930, 1931 ஆகிய மூன்று ஆண்டுகளும் பேக்கர்ஸ் அப்படித்தான் வென்றது. சமனில் முடிந்த ஆட்டங்களைக் கணக்கில் சேர்க்காத அதே விதி, 1932இல் நான்காவது பட்டத்தை அதனிடமிருந்து பறித்தது. பேக்கர்ஸ் 10 ஆட்டங்களில் வென்று மூன்றில் தோற்றிருக்க, ஆறில் வென்று ஒன்றில் மட்டும் தோற்ற சிகாகோ பேர்ஸும் போர்ட்ஸ்மத் ஸ்பார்ட்டன்ஸும் முதலிடத்தைப் பகிர்ந்துகொண்டன. பேர்ஸ் சமன் செய்த ஆட்டங்கள் மட்டும் 6! முடிச்சை அவிழ்க்கக் கூடுதலாக ஓர் ஆட்டம் வைத்தார்கள். கடும் பனியினால் அதைச் சிகாகோவில் ஓர் உள்ளரங்கில், 80 கஜ நீளமே இருந்த களத்தில் ஆடி, பேர்ஸ் 9-0 என்று வென்றது. அதுவும் சாதாரண லீக் ஆட்டமாகவே எண்ணப்பட்டதால் தோற்ற போர்ட்ஸ்மத் மூன்றாம் இடத்துக்கு இறங்கியது. அடுத்த ஆண்டே லீகை இரண்டு பிரிவுகளாக்கி இறுதிப் போட்டியைக் கொண்டுவந்தார்கள்.

இவற்றையெல்லாம்விடக் கசப்பானது 1925ஆம் ஆண்டின் கதை. பென்சில்வேனியாவின் நிலக்கரிச் சுரங்க ஊரான பாட்ஸ்வில்லின் மரூன்ஸ் அணி, டிசம்பர் 6 அன்று சிகாகோ கார்டினல்ஸை அதன் ஊரிலேயே 21-7 என்று வீழ்த்தியது. ஆறு நாள் கழித்து, நோட்டர்டேம் பல்கலைக்கழகத்தின் முன்னாள் வீரர்களுடன் பிலடெல்பியாவில் ஒரு காட்சி ஆட்டம் ஆடியது. அந்த நகரம் இன்னொரு அணியின் எல்லைக்குள் வருவதால், லீக் தலைவர் ஜோ கார் மரூன்ஸை இடைநீக்கம் செய்தார். இதற்கிடையில் கார்டினல்ஸ் அவசர அவசரமாக இரண்டு ஆட்டங்களைச் சேர்த்து ஆடித் தன் விகிதத்தை உயர்த்திக்கொண்டது. அவற்றில் ஒன்றில், எதிரணிக்காகப் பள்ளி மாணவர்கள் நால்வர் களமிறங்கினார்கள். பட்டம் தர முன்வந்தபோது கார்டினல்ஸ் உரிமையாளர் கிறிஸ் ஓ'பிரையனே அதை ஏற்க மறுத்தார். ஆயினும் லீகின் ஏடுகளில் அந்த ஆண்டு கார்டினல்ஸ் பெயரில்தான் இருக்கிறது. அதை மீண்டும் ஆராயும் கோரிக்கையை 2003இல் அணி உரிமையாளர்கள் 30-2 என்ற வாக்கில் தள்ளிவிட்டார்கள். பாட்ஸ்வில்காரர்கள் நிலக்கரியைச் செதுக்கித் தங்களுக்குத் தாங்களே செய்துகொண்ட கோப்பை, கான்டன் நகரத்து அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

ஆகவே 13 என்ற என் எண்ணை மாற்றவில்லை. அவற்றில் 3 இறுதிப் போட்டி இல்லாமல் கிடைத்தவை என்ற விவரத்தை மட்டும் அந்தக் குறிப்பில் சேர்த்துவிடுகிறேன்.